சுளுக்கா... சீழா?

தொடையில் வலி. கூடவே காய்ச்சல். 'மேட்ச்ல பிடிச்சுக்கிச்சு, தானா சரியாயிடும்' என்று இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை!

திங்கட்கிழமை காலை. நம் நண்பர் காலை இழுத்து இழுத்து ஆபீசுக்குள் நுழைகிறார். வயது இருபத்தேழு. நல்ல உடம்பு. கல்யாணம் ஆகவில்லை. பெயர் வேண்டாம். ஆசாமி கற்பனைதான். ஆனால் அவருக்கு வந்த வியாதி கற்பனை இல்லை.

"என்ன தம்பி, கால்ல என்ன?" இது ஹெட்கிளார்க்.

"ஒண்ணுமில்ல சார். நேத்து கிரிக்கெட் ஆடறப்ப பந்து தொடைல பட்டுச்சு. பிடிச்சுக்கிச்சு."

அவ்வளவுதான். நம் ஊரில் ஒருத்தன் 'வலிக்குது' என்று வாயைத் திறந்தால் போதும், சுற்றியிருக்கிற பத்துப் பேரும் டாக்டராகி விடுவார்கள்.

"ரத்தக்கட்டு. புளியும் உப்பும் கரைச்சுக் காய்ச்சிப் பத்துப் போடு. ரெண்டே நாள்ல ஓடிடும்" என்றது அக்கவுண்ட்ஸ்.

"சுளுக்குய்யா அது! எங்க தெருவுல ஒருத்தர் எண்ணெய் போட்டு உருவி விடுவாரு. நொண்டிக்கிட்டுப் போனவன் ஓடி வருவான்" என்றது டெஸ்பாட்ச்.

"வாயுப்பிடிப்பா இருக்கும். உருளைக்கிழங்கை நிறுத்து" என்றது கான்டீன்.

நண்பர் ஜனநாயகவாதி. மூன்றையும் செய்தார். நாலு நாள் கொஞ்சம் தேவலை போல இருந்தது. அப்புறம் வலி மெல்ல ஏறியது. ராத்திரியில் உடம்பு கதகதவென்று இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் 'வலி, காய்ச்சல் ரெண்டுக்கும்' என்று ஒரு மாத்திரை வாங்கினார். கூடவே மூன்று நாளைக்கு மட்டும் ஒரு ஆன்ட்டிபயாடிக். காய்ச்சல் அடங்கியது. மாத்திரை தீர்ந்ததும் திரும்ப வந்தது.

பதினைந்தாம் நாள் ராத்திரி தூக்கிப்போடும் குளிர். தொடை மரக்கட்டை மாதிரி இறுகிக் கிடந்தது. மாடிப்படி இறங்க முடியவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் தொட்டுப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஒரு தடிமனான ஊசியைத் தொடைக்குள் செருகி இழுத்தார்.

சிரிஞ்சில் ஏறியது ரத்தம் இல்லை. சீழ்! கெட்டியான, மஞ்சள் நிறச் சீழ்.

"இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?" என்றார் டாக்டர்.

"பத்துப் போட்டுக்கிட்டிருந்தேன் டாக்டர்!"

*

இந்த வியாதிக்கு மருத்துவ உலகம் வைத்திருக்கும் பெயர் 'பையோமயோசைட்டிஸ்'. வாயில் நுழையாவிட்டால் 'தசைச் சீழ்க்கட்டி' என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்ப நாடுகளில் அதிகம் வருவதால் 'டிராப்பிகல்' என்று ஓர் அடைமொழியும் உண்டு. ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா, பசிபிக் தீவுகள், அப்புறம் நம்ம ஊர். வெப்ப நாடுகள் சிலவற்றில் ஆஸ்பத்திரியில் சேருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் நான்கு பேர் வரை இந்த வியாதிக்காரர்கள் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

இதை முதன்முதலில் விவரமாக எழுதி வைத்தவர் ஜூலியஸ் ஸ்க்ரிபா என்ற ஜெர்மன் சர்ஜன். 1885-ல் எழுதினார். ஜப்பானில், டோக்கியோவில் மருத்துவம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

குற்றவாளி யார்? பெரும்பாலும் ஒரே ஆள்தான். வெப்ப நாடுகளில் பத்துக்கு ஒன்பது கேஸ் வரை அவன் கைவரிசை. 'ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்' என்ற கிருமி. ஸ்காட்லாந்தில் அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்ற சர்ஜன் சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். திராட்சைக் கொத்து மாதிரி கும்பல் கும்பலாக உட்கார்ந்திருந்தன. 1882-ல் கிரேக்க மொழியில் திராட்சைக் கொத்தைக் குறிக்கும் சொல்லை வைத்துப் பெயர் சூட்டினார். 'ஆரியஸ்' என்றால் பொன்நிறம். வளர்க்கும்போது தங்கக் கலரில் வளரும் என்பதால் அந்தப் பட்டம். தங்கமான பெயர், தகரமான குணம்!

வெயில் காலத்தில் முதுகிலும் தொடையிலும் வருமே வேனல் கட்டி, பெரும்பாலும் அதுவும் இந்த ஆசாமியின் வேலைதான். அவ்வளவு ஏன், நூற்றில் இருபது, முப்பது பேருக்கு மூக்குக்குள்ளேயே வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறான். அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை.

அப்படியானால் எல்லோருக்கும் ஏன் தசையில் சீழ் வருவதில்லை?

இதற்குப் பதில் சொன்னவை முயல்கள். 1904-ல் மியாகே என்ற ஜப்பானிய மருத்துவர் முயல்களின் ரத்தத்தில் இந்தக் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். தசையில் கட்டி வரவில்லை. அடுத்து, முயலின் தசையை நசுக்கியோ, மின்சார ஷாக் கொடுத்தோ, ரத்த ஓட்டத்தைத் தடுத்தோ காயப்படுத்திவிட்டு, பிறகு கிருமியைச் செலுத்தினார். அப்போது வந்தது கட்டி!

அதாவது ஆரோக்கியமான தசை ஒரு கோட்டை. சுலபத்தில் கிருமி உள்ளே போக முடியாது. கிருமி வளர இரும்புச்சத்து வேண்டும். தசை தன் இரும்பை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. அடிபட்டால் அது கசிகிறது, கிருமிக்கு விருந்து கிடைக்கிறது என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். அடி என்றால் பந்து பட்டதாக இருக்கலாம். பழக்கமில்லாமல் ஒரே நாளில் ஜிம்மில் எடை தூக்கியதாகவும் இருக்கலாம். இந்த நோயாளிகளில் கால்வாசியிலிருந்து பாதிப் பேர் வரை 'அடிபட்டது ஞாபகம் இருக்கு' என்கிறார்கள். மீதிப் பேருக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

கிருமியிலும் சில படா கில்லாடிகள் உண்டு. கம்போடியாவில் தசைச் சீழ் வந்த குழந்தைகளிடம் எடுத்த கிருமிகளையும், நல்ல குழந்தைகளின் மூக்கில் சும்மா இருந்த கிருமிகளையும் ஜீன் ஜீனாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஆய்வு 2019-ல் வெளியானது. நோய் உண்டாக்கியவற்றிடம் பி.வி.எல். என்ற ஒரு விஷப்பொருள் பலமாகத் தட்டுப்பட்டது. நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களையே ஓட்டை போட்டுக் கொல்லும் விஷம் அது. போலீஸ்காரனையே அடிக்கிற திருடன்!

இந்த வியாதியின் அநியாயம் என்னவென்றால், வெப்ப நாடுகளில் இது நோஞ்சான்களை மட்டும் தேடிப் போவதில்லை. குழந்தைகளையும், நல்ல ஆரோக்கியமான இளைஞர்களையும் பிடிக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். குளிர் நாடுகளில் பெரும்பாலும் சர்க்கரை வியாதி, ஹெச்.ஐ.வி. என்று ஏற்கெனவே எதிர்ப்புசக்தி குறைந்தவர்களைத்தான் தாக்குகிறது.

*

மூன்று அங்க நாடகம்

முதல் அங்கம், முதல் ஒன்றிரண்டு வாரம். தசைப்பிடிப்பு போல வலி. லேசான காய்ச்சல், அல்லது அதுவும் இல்லை. தொட்டால் ரப்பர் போலவோ, மரம் போலவோ இறுக்கம். ஊசி போட்டு இழுத்தாலும் சீழ் வராது. இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் கத்தியே படாமல், ஆன்ட்டிபயாடிக் மட்டுமே போதுமானதாக இருக்கலாம். துரதிர்ஷ்டம் என்னவென்றால், இந்த நேரத்தில்தான் நாம் பத்துப் போட்டுக்கொண்டிருப்போம்!

இரண்டாம் அங்கம். உள்ளே சீழ் கட்டிவிட்டது. காய்ச்சல், குளிர், நல்ல வீக்கம், கை வைக்க முடியாத வலி. நோயாளிகளில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்கு வருவது இப்போதுதான். சீழை வெளியேற்றியே ஆக வேண்டும்.

மூன்றாம் அங்கம். கிருமி ரத்தத்தில் பரவி உடம்பு முழுக்க 'செப்சிஸ்' ஆகிறது. ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் சண்டித்தனம் செய்யும், ஐ.சி.யூ. வாசம். இந்த அங்கத்துக்குத் திரை விழும்போது நோயாளி எழுந்து நிற்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சரி, இவ்வளவு பெரிய வியாதியை ஏன் கோட்டை விடுகிறோம்?

வேனல் கட்டி நேர்மையானது. சிவக்கும், முனை வைக்கும், பழுக்கும், உடையும். தசைச் சீழ் அப்படியில்லை. தசையைச் சுற்றி கெட்டியான உறை ஒன்று இருக்கிறது. அதற்கு அடியில், ஆழத்தில் சீழ் சேருகிறது. ஆரம்பத்தில் மேலே தோல் சிவப்பதில்லை, பளபளப்பதில்லை. சாதாரணமாக, காலில் புண் என்றால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, பாட்டிகூடக் கண்டுபிடிப்பாளே, இதில் பெரும்பாலும் அந்த நெறியும் கட்டுவதில்லை!

அதோடு ஆள்மாறாட்டம் வேறு. தொடையில் வந்தால் சுளுக்கு மாதிரி இருக்கும். கெண்டைக்காலில் வந்தால் ரத்தக்குழாய் அடைப்பு மாதிரி இருக்கும். காய்ச்சல் மட்டும் பெரிதாக, வலி சின்னதாக இருந்தால் எல்லோரும் டைஃபாய்டு, மலேரியா, டெங்கு என்று தேடிக்கொண்டிருப்பார்கள். காய்ச்சலே இல்லாமல் கட்டி மட்டும் இருந்தால் புற்றுநோயோ என்று கதிகலங்கிப் போவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய வேஷக்காரன் 'சோயாஸ்' என்ற தசை. முதுகெலும்பை ஒட்டி, வயிற்றுக்குப் பின்னால் இறங்கித் தொடை எலும்பில் சேருவது. பெரிய ஹோட்டல் மெனுவில் 'டெண்டர்லாயின்' என்று விலை உயர்ந்த அயிட்டம் ஒன்று இருக்கும், ஆட்டிலும் மாட்டிலும் அது இதே தசைதான். அங்கே சீழ் பிடித்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. வலது பக்கம் என்றால் அப்பெண்டிக்ஸ் என்றே தோன்றும். ஒரே ஒரு துப்பு: நோயாளி காலை மடக்கியே வைத்திருப்பார். நீட்டச் சொன்னால் அலறுவார்.

*

கண்டுபிடிப்பது எப்படி?

முதல் கருவி டாக்டரின் கை. இரண்டு தொடையையும் திறந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, தொடுவது, டேப் வைத்து அளப்பது. செலவே இல்லாத டெஸ்ட். ஆனால் நாம் பேன்ட்டைக் கழற்றக் கூச்சப்பட்டு, 'இங்கதான் டாக்டர்' என்று துணிக்கு மேலேயே காட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஏறியிருக்கும். வெறும் சுளுக்கில் இவை இப்படி எகிறாது. இதில் ஒரு வேடிக்கை. தசை கெட்டால் ரத்தத்தில் ஏறும் 'சி.கே.' என்ற என்சைம் ஒன்று இருக்கிறது. தசை வியாதி என்றதும் அதைப் பார்ப்பார்கள். ஆனால் தசைச் சீழில் அது பல சமயம் நார்மலாகவே இருக்கும். ஆகவே 'சி.கே. நார்மல், தசையில் ஒன்றுமில்லை' என்று நிம்மதியடையக் கூடாது.

மூன்றாவது, படம். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், இதைக் காட்டாது. 'எக்ஸ்ரே எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல' என்பதற்கு அர்த்தம் 'எலும்பு முறியலை' என்பது மட்டும்தான். வேண்டியது அல்ட்ராசவுண்ட். ஆமாம், கர்ப்பிணிகளுக்கு எடுக்கிற அதே ஸ்கேன். கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, சிறிய ஊரிலும் கிடைக்கும். சீழ்க்குளம் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று காட்டிவிடும். ஆனால் முதல் வாரத்தில் வெறும் வீக்கமாகத் தெரியலாம், அல்லது ஒன்றுமே தெரியாமல் போகலாம். வலியும் காய்ச்சலும் தொடர்ந்தால் இரண்டொரு நாளில் மறுபடி எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. இன்னும் துல்லியம். சீழ் கட்டும் முன்பே தசை வீங்குவதைக் காட்டிவிடும். சோயாஸ் போன்ற ஆழமான இடங்களுக்கு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

நான்காவதுதான் கிளைமாக்ஸ். ஊசி! சீழை எடுத்து லேபில் வளர்த்துப் பார்ப்பது. இதற்குக் கல்ச்சர் என்று பெயர். ரத்தத்தை வளர்த்துப் பார்த்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் முளைக்காது. சீழில்தான் ஆள் சிக்குவான்.

'அதான் யாருன்னு தெரியுமே, ஸ்டெஃபைலோகாக்கஸ்தானே, எதுக்குக் கல்ச்சர்?' என்று கேட்கலாம். மூன்று காரணம். ஒன்று, அதே கிருமியில் வழக்கமான மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற முரட்டு வகை உண்டு. இரண்டு, நம் நாட்டில் சோயாஸில் சீழ் என்றால் முதுகெலும்பு காசநோயையும் சந்தேகித்தே ஆக வேண்டும். அதற்கு மருந்தும் வேறு, மாதக்கணக்கும் வேறு. மூன்றாவது, 'மெலியாய்டோசிஸ்' என்ற இன்னொரு வில்லன். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் கிருமி. சர்க்கரை வியாதிக்காரர்கள் என்றால் இதற்கு ரொம்பப் பிரியம். 1911-ல் ரங்கூனில் இதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆல்ஃபிரெட் விட்மோர். அவருடன் பணிபுரிந்த இன்னொருவர் பெயர் சி.எஸ். கிருஷ்ணசாமி! அடுத்த வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே கட்டுரை எழுதினார்கள். இந்தக் கிருமிக்குத் தனி மருந்து. ஸ்டெஃபைலோகாக்கஸுக்குக் கொடுக்கிற மருந்து இதன்மேல் பலிக்காது.

இப்போது புரிகிறதா, நண்பர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போட்ட அந்த மூன்று நாள் ஆன்ட்டிபயாடிக் செய்த கைங்கரியம்? கிருமி சாகவில்லை. ஆனால் அரைகுறையாக அடிபட்டால் லேபில் முளைக்காமல் போக்கு காட்டும். வலி மாத்திரையோ காய்ச்சலை மறைத்து, டாக்டருக்குக் கிடைக்க வேண்டிய ஒரே துப்பையும் அழித்துவிடும். போலீஸ் வருவதற்குள் கைரேகையைத் துடைத்துவைத்த மாதிரி!

*

நம் நண்பருக்கு அன்று ராத்திரியே தொடையைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். கிட்டத்தட்ட இரண்டு டம்ளர். முதலில் நரம்பு வழியாக ஆன்ட்டிபயாடிக், பிறகு மாத்திரை என்று மொத்தம் நாலு வாரம்.

மறுநாள் டாக்டர் வந்து, "சுகர் பார்க்கணும், ஹெச்.ஐ.வி.யும் பார்த்துடலாம்" என்றார். நண்பருக்கு முகம் வெளிறிவிட்டது.

"சார், நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல சார்!"

"நான் உங்க காலைப் பத்திப் பேசறேன் தம்பி. உங்க கேரக்டரைப் பத்தி இல்ல" என்றார் டாக்டர் அமைதியாக. உண்மைதான். எதிர்ப்புசக்தி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இந்த வியாதியில் இது வழக்கமாகச் செய்யும் டெஸ்ட். இரண்டும் நார்மல் என்று வந்ததும் நண்பர் முதல் வேலையாக ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டார். சுகர் நார்மல் என்று மட்டும் சொன்னார்!

உங்களுக்காக ஒரு சின்ன லிஸ்ட்:

• சுளுக்கு நாளுக்கு நாள் குறையும். சீழ் நாளுக்கு நாள் கூடும். ஒரு வாரத்தில் வலி குறையாமல் ஏறினால், காரணம் வேறு.

• தசை வலியோடு காய்ச்சல் இருந்தால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

• இறுகி வீங்கிய, காய்ச்சலோடு கூடிய இடத்தில் உருவி விடாதீர்கள். யாரையும் உருவ விடாதீர்கள்.

• டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: வலி தொடங்கிய நாள், அடிபட்டதா, காய்ச்சல் எத்தனை நாள், இதுவரை விழுங்கிய மாத்திரைகள் அத்தனையும், சர்க்கரை உண்டா. 'அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா டாக்டர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை.

• வலி தாங்க முடியாமல் மணிக்கு மணி ஏறுகிறது, தோல் ஊதா அல்லது கருப்பாகிறது, கொப்புளம் வருகிறது என்றால் அது இதைவிட வேகமான வேறு தொற்று. அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

ஒன்றரை மாதம் கழித்து நண்பர் ஆபீசுக்கு வந்தார். நடை பழையபடி. அன்றைக்குப் பார்த்து டெஸ்பாட்ச்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரே நிமிஷத்தில் சுற்றிலும் பத்து டாக்டர்கள். 'பத்து', 'எண்ணெய்', 'உருளைக்கிழங்கு' என்று ஆளுக்கொரு தீர்ப்பு.

நம் நண்பர் வைத்தியம் எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"காய்ச்சல் இருக்கா சார்?"